மறியலுக்குப் போன சுறா வறை

கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை மஞ்சளாயிருந்தன. வெந்த பால்சுறாவின் தோலைச் சுரண்டி எடுத்து, சதையை விரல் நுனியால் உதிர்த்து, உதிர்த்ததை மறுபடியும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பார்த்தன. சுறாவுக்கு முள் இல்லை. நடுவில் ஓடுவது குருத்து; அதைச் சின்னப் பிள்ளையும் கடித்துத் தின்னும். ஆனால் புருசன் அடைபட்டிருக்கிற மறியற்சாலையின் வாசலில் காவல் நிற்கிற காட்மாருக்குக் குருத்தும் முள்ளும் ஒன்றுதான். கரண்டியில் ஏதாவது தட்டுப்பட்டால் பார்சல் திரும்பி வந்துவிடும். அதனால் கைகள் தேடிக்கொண்டே இருந்தன. தேடி முடித்த சதையைப் பழைய வேட்டித் துண்டில் கொட்டி முறுக்கிப் பிழிந்தன. நீர் முழுக்கப் போகாவிட்டால் அது உதிரியான வறையாக வராது, களியாகத்தான் வரும். வெயிலில் வரிசையில் நிற்கும்போது புளித்தும் போகும்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அயல்வீட்டு ஜெயரூபி எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையில உங்கட குசினியில மீன் மணக்குது. என்ர மூக்கிலதான் ஏதோ பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

"மூக்கில பிழையில்லை. வாயிலதான்," என்று கைகளுக்குரியவள் தலை நிமிராமல் சொன்னாள்.

கோணேஸ்வரி அப்படித்தான் கதைப்பாள். சல்லிக் கிராமத்துக் கரையில் அவளுடைய வாயையும் வறையையும் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா வறை கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தாய்க்குப் பால் ஊறும் என்பார்கள். அவளுக்கு அதை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. கலியாணமான புதிதில் ஒரு வீட்டில் தின்றுவிட்டு வந்து, கருக்கியும் களியாக்கியும் கொட்டியும் தானாகவே செய்து பழகினாள். அதன்பிறகு ஊரில் எந்த வீட்டில் பிள்ளையைப் போட ஏணை கட்டினாலும் அவளிடம்தான் ஆள் வரும். போய்ச் செய்து கொடுப்பாள். ஏணைக்குள் எட்டிப் பார்க்காமல் திரும்பி வருவாள். அவளுடைய வீட்டுக் கூரை வளையில் ஏணைக் கயிறு ஏறவேயில்லை. மற்றவர்களுக்குப் பொறாமை வந்தால் கை தடுமாறும், சமையல் கெடும். இவளுக்கு வந்தால் கை இன்னும் துப்புரவாகும். கோணேசு எரிச்சலோடு செய்த வறைதான் திறமான வறை என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவளுடைய காதிலும் விழுந்ததுதான்.

புருசன் யோகராசா கதை குறைந்த மனுசன். ஒரு சம்மாட்டியின் படகில் கூலிக்குப் போகிறவர். சாப்பிட உட்கார்ந்தால்தான் அவருடைய வாயிலிருந்து ஒரு சொல் வரும், அதுவும் குறையாகத்தான் வரும். தேங்காய்ப்பூ கருகிவிட்டது என்பார். பச்சை மிளகாய் முத்தல் என்பார். உப்பு ஒரு விரல் கூட என்பார். நல்லாயிருக்கு என்ற சொல்லை இருபது வருசத்தில் அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கு அதில் குறையுமில்லை. அவ்வளவு கவனமாக ஒரு மனுசன் தன்னுடைய சோற்றைத் தின்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஒன்றரை வருசத்துக்கு முந்தி இறக்கக்கண்டிக் கடலில் வைத்து அந்தப் படகைக் கடற்படைக்காரர் மறித்தார்கள். ஐஸ் பெட்டிக்கு அடியில், மீனுக்குப் போடுகிற வெடிமருந்து கிடந்தது. கூட நின்ற கூலிக்காரன் கடலில் குதித்து நீந்திப் போய்விட்டான். யோகராசா குதிக்கவில்லை. தான் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் குதிக்கவேண்டும் என்று நினைத்தாராம். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, தனக்கு எதுவும் தெரியாது என்று பொலிசில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்; இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். யோகராசாவும் தெரியாது என்றுதான் சொன்னார். அவர் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்ட ஆளுமில்லை. கையெழுத்து வைத்தார்.

வெடிமருந்து வழக்கென்றபடியால் பிணைக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று சட்டத்தரணி சொன்னார். அங்கே போவதென்றால் மருந்தைச் சோதித்த அறிக்கை கொழும்பிலிருந்து வரவேண்டும். அறிக்கை வரவில்லை. இரண்டு கிழமைக்கொரு தவணை வந்தது. கூண்டில் ஏற்றி, அறிக்கை வந்ததா என்று கேட்டு, இல்லையென்று சொல்லி, அடுத்த தவணை போட்டு இறக்கினார்கள். சில தவணைக்கு மறியலிலிருந்து வருகிற பஸ் பழுதென்று ஆட்களையே கொண்டுவரவில்லை. கோணேஸ்வரி நீதிமன்ற மதிலோரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்புவாள்.

அவளால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றேயொன்று. தீர்ப்பாகாமல் உள்ளே கிடப்பவர்களுக்கு வீட்டுச் சோறு கொடுக்கலாம், ஆளுக்கு ஒரு பார்சல். விடியச் சமைத்து, சாம்பல்தீவுப் பாதையால் வருகிற பஸ்ஸைப் பிடித்து, துறைமுகப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் போய் நிற்பாள். மீன் குழம்பு கொண்டுபோனாள், முள்ளென்று திருப்பினார்கள். முழு முட்டையை வெட்டித் துருவினார்கள். கடைசியில் வறைதான் நின்றது. எவ்வளவு கிண்டினாலும் வறை வறையாகவே இருந்தது.

அந்த வாசலில்தான் அம்ராவைக் கண்டாள். கிண்ணியாக்காரி, முப்பது வயது இருக்கும். புருசன் அஷ்ரப் மணல் லொறிச் சாரதி; கந்தளாய் வீதியில் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டவன், நிறுத்தச் சொன்ன பொலிஸ்காரரை இடிக்கப் பார்த்தான் என்று இன்னொரு குற்றமும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். யோகராசா கிடந்த அதே மண்டபத்தில்தான் அவனையும் அடைத்தார்கள். அம்ரா வரிசையில் நின்றபடியே சிரிக்கத் தெரிந்தவள். முன்னால் நிற்பவளின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பின்னால் நிற்பவளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவாள். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புருசனின் தம்பி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். கோணேஸ்வரியின் கண் எல்லாவற்றையும் பார்த்தது: பிள்ளைகளை, மச்சானை, நெய் மணக்கிற பார்சலை, அந்தச் சிரிப்பை. மறியல் வாசலில் நின்று சிரிக்க ஒருத்திக்கு என்ன இருக்கிறது என்று முதல் நாளே அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

சனிக்கிழமைகளில் ஆளைப் பார்க்க விடுவார்கள். இரண்டு கம்பி வலைக்கு நடுவே ஒரு காட் நடந்து திரிவான். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் போய்ச் சேராது. அந்த இரண்டு மூன்றிலும் கோணேஸ்வரி வறையைப் பற்றித்தான் கேட்பாள்.

"நல்லாயிருந்தது," என்றார் யோகராசா.

அடுத்த சனியும் நல்லாயிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மறியல் மனுசனை மாற்றிவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகொரு சனிக்கிழமை, அந்த இரைச்சலுக்குள் அவர் தானாகவே ஒன்று சொன்னார்.

"அஷ்ரப்பின்ர வீட்டுப் பருப்புக்கு மாசி கொஞ்சம் கூட."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு சொல் அவளுடைய நெஞ்சில் கிடந்து அறுத்தது. கிண்ணியாக்காரியின் பருப்பில் மாசிக் கருவாடு கூட என்று தெரிகிற அளவுக்கு அவர் அதை நாக்கில் வைத்து உருட்டித் தின்றிருக்கிறார். தன்னுடைய வறைக்கு மட்டும் நல்லாயிருந்தது. சம்பந்தி வீட்டில் சாப்பிட்டவன் சொல்வதுபோல. அடுத்தடுத்த கிழமைகளில் இன்னும் வந்தன. அம்ராவின் கத்தரிக்காய்ப் பொரியல் எண்ணெய் குடித்திருந்ததாம். இடியப்பம் காய்ந்திருந்ததாம். இருபது வருசமாகத் தனக்கு மட்டும் கிடைத்த குறையெல்லாம் இப்போது கிண்ணியாவுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கூடிய வயிற்றெரிச்சல். யோகராசா பிடிபட்ட கிழமையே அவள் ஊர் அம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: ஆள் வெளியில் வரும்வரை வெள்ளிக்கிழமையில் அடுப்பில் மச்சம் ஏறாது, அவருக்கும் சைவம்தான் போகும். அதே வெள்ளிக்கிழமையில்தான் அம்ராவின் பார்சலில் நெய்ச்சோறும் இறைச்சிப் பொரியலும் இருக்கும். அடுத்த நாள் சனிக்கிழமை யோகராசா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்போது கண் சிவந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பதில் வராது. மணி அடிக்க முன்னமே திரும்பிப் போய்விடுவார். பக்கத்துப் பார்சலின் இறைச்சியைத் தின்ற வாய்க்குத் தன்னுடைய முருங்கையிலைச் சுண்டல் போதாமல் போயிருக்கும் என்று கோணேஸ்வரி முடிவு கட்டினாள். சனிக்கிழமையைத் தவிர மற்ற நாளில் தான் அந்த முகத்தைக் கிட்ட நின்று பார்ப்பதேயில்லை என்றோ, மற்ற நாளில் அது வேறு மாதிரி இருக்கலாம் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் உப்பில்லாமல் வறை செய்தாள். மறந்து அல்ல. அவிக்கும்போது போடவில்லை, தாச்சிச் சட்டியில் பிரட்டும்போதும் போடவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போல, கறிவேப்பிலை மொறுமொறுப்பு உட்பட. உப்பு ஒரு விரல் கூடினாலே பிடிபட்டுவிடுகிற நாக்கு அது.

சனிக்கிழமை கேட்டாள்.

"நல்லாயிருந்தது," என்றார் யோகராசா. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவள் காலைப் பார்த்தாள்தான். ஆனால் காலுக்கு என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தான் கொடுக்கிற பார்சலை அவர் திறப்பதேயில்லை என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தெரிந்தது. அதன்பிறகு வரிசையில் அம்ரா தண்ணீர்ப் போத்தலை நீட்டினால், தாகமில்லை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அம்ரா அதையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள்.

பிறகு அஷ்ரப்புக்குப் பிணை கிடைத்தது. உள்ளே போய் ஆறு மாசம். பின்னால் வந்தவன் முன்னால் போனான். அன்று வாசலில் பெண்கள் அம்ராவின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். கோணேஸ்வரி பார்சலைக் கொடுத்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கத்தால் நடந்து பஸ் எடுத்தாள். வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிடாமல், பாத்திரமெல்லாம் சாம்பல் போட்டு மினுக்கினாள்.

அந்தக் கிழமை முடிய முன்னமே அஷ்ரப்பும் அம்ராவும் மோட்டார் சைக்கிளில் சல்லிக்கு வந்து இறங்கினார்கள். கோணேஸ்வரி முகத்தை மாற்ற நேரமில்லாமல் வாங்கோ என்றாள். கதிரையை இழுத்துப் போட்டாள். அஷ்ரப் அதில் ஒரு ஓரத்தில், முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருப்பதுபோல இருந்தான். விரல் இடுக்கெல்லாம் சிரங்கு காய்ந்த தழும்பு. வீட்டிலும் இப்படித்தான் என்றாள் அம்ரா. இவ்வளவு பெரிய கட்டில் இருக்க, ஓரத்தில் ஒருக்களித்துப் படுக்கிறார்; திரும்பிப் படுங்க என்று தான் சொன்னால்தான் திரும்புகிறார்; சொல்லாவிட்டால் விடியவிடிய அதே பக்கம்.

அப்படியாவது பக்கத்தில் கிடக்கிறான் என்று கோணேஸ்வரிக்குப் பட்டது. தேத்தண்ணி வைக்க எழும்பினாள். அஷ்ரப் வேண்டாம் என்றான்.

"அக்கா, நான் சொல்றத ஆத்திரப்படாமக் கேளுங்க. சொல்லக்கூடாதெண்டு யோகண்ணன் எனக்கிட்டச் சத்தியம் வாங்கினவர். உங்கட பார்சல் ஒண்டையும் அவர் சாப்பிட்டதில்ல."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் கோணேஸ்வரி.

அவனுக்கு அது எதிர்பாராத பதில். பிறகு தாங்கள் அடைபட்டிருந்த மண்டபத்தைப் பற்றிச் சொன்னான். கட்டியவர்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு ஆட்கள். நிலத்தில் ஒருவரோடொருவர் ஒட்டி, எல்லோரும் ஒரே பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்கலாம். ஒருவன் தனியாகத் திரும்ப ஏலாது. இரவில் ஒரு குரல் வரும், அப்போது வரிசை முழுக்க ஒன்றாகத் திரும்பும். குரல் கொடுப்பவனுக்கு மேசன் என்று பெயர். நிலத்தைச் சுவரோரம், நடு, கக்கூஸ் பக்கம் என்று கல் பதிக்கிறவன்போலப் பிரித்து வைத்திருப்பவன் அவன். சுவரோரத்தில் நிமிர்ந்து படுக்கலாம். கக்கூஸ் பக்கத்தில் படுக்கவே ஏலாது. தண்ணீர் ஊறி வரும், ஆட்கள் மிதித்துக்கொண்டு போவார்கள், குந்தியிருக்கலாம், அல்லது நிற்கலாம். காட்மாருக்கு எல்லாம் தெரியும். மேசன் இருந்தால் இரவில் சத்தமில்லை, அவர்களுக்கு அது வசதி.

யோகராசாவின் இடுப்பு வலை இழுத்துக் கெட்டுப்போன இடுப்பு. ஒருக்களித்துக் கிடந்தால் காலையில் எழும்ப முடியாது. அஷ்ரப்பின் இடத்துக்கு அவனுடைய தம்பி வெளியில் மேசனின் ஆட்களோடு கதைத்துச் சரிப்படுத்தினான். யோகராசாவுக்கு அப்படி வெளியில் யாருமில்லை. அவரிடம் இருந்தது சுறா வறை மட்டும். முதல் கிழமையே மேசன் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, இந்தப் பார்சல் எனக்கு, சுவரோரம் உனக்கு என்று சொல்லிவிட்டான்.

"அவன் நல்ல ருசிக்காரன், அக்கா," என்றாள் அம்ரா. "உங்கட வறைதான் இந்தப் பக்கத்துலயே திறமாம்."

ஒன்றரை வருசமாக முகம் தெரியாத ஒரு ரவுடிக்குக் கோணேஸ்வரி குருத்துப் பொறுக்கியிருக்கிறாள்.

அஷ்ரப் உள்ளே போகும்வரை யோகராசா மறியல் சோற்றைத்தான் தின்றாராம். பிறகு அஷ்ரப் தன்னுடைய பார்சலை விரித்து அவரையும் கூப்பிட்டான். கிண்ணியாவில் விருந்தென்றால் ஐந்தாறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள், சஹன் என்பார்கள். உள்ளே, பார்சல் சுற்றி வந்த லஞ்ச் சீட்தான் சஹன். ஒன்றாகச் சாப்பிட்டவனை விட்டுவிட்டு வந்து வீட்டில் சோறு இறங்குதில்லை என்றான். இப்போது அந்தப் பார்சலும் நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமையிலதான் பாவம்," என்று அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேசன் சைவம் தின்னமாட்டான். வெள்ளி இரவு யோகண்ணன் கக்கூஸ் பக்கம். ஒவ்வொரு வெள்ளியும். ஒருநாள் உங்கட வறை உப்பில்லாம வந்திச்சு. பார்சல அவர்ட முகத்துக்கு நேரே எறிஞ்சான். மூணு இரவு அங்க நிண்டுதான் விடிஞ்சவர். கால் வீங்கிப் போச்சு. மறந்திருப்பாள், வயசு போகுது எண்டுதான் அவர் சொன்னவர்."

குசினிக்குள் பானை கொதித்தது. கோணேஸ்வரி எழும்பிப் போய் அதை இறக்கி வைத்தாள். உப்பைப் பற்றி அவள் அவர்களுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது முறைப்பாடு கொடுப்பதைப் பற்றிக் கேட்டாள், சட்டத்தரணியிடம் சொன்னால் என்ன என்றாள். முறைப்பாடு கொடுத்த ஒருவனை அடுத்த மண்டபத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் ஒரு மேசன் இருந்தான் என்று அஷ்ரப் சொன்னான்.

வழியொன்றை அவர்கள் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அதே மண்டபத்தில் முனாப் என்று ஒரு மனுசன் கிடந்தார். பொத்துவில் பக்கத்தவர், ஊர் ஊராக அத்தர் விற்றுத் திரிந்தவர். அவருக்கு எப்போதோ பிணை கொடுத்தாயிற்று. பிணைக்குக் கையெழுத்து வைக்க இந்த ஊரில் ஆள் இல்லாததால் உள்ளேயே கிடக்கிறார். பார்க்க ஒருவரும் வருவதில்லை. முனாப்பின் பெயரில் ஒரு பார்சல் போனால், யோகராசாவும் அவரும் சேர்ந்து சாப்பிடலாம். அஷ்ரப் வரும்போது அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஆனால் ஒருத்தி ஒரு பார்சல்தான் கொடுக்கலாம். அதுவும் பொட்டு வைத்த கோணேஸ்வரி போய் முனாப்பின் சொந்தம் என்றால் காட் நம்பமாட்டான்.

"நான் குடுக்கிறன்," என்றாள் அம்ரா. "என்ட மாமா எண்டு சொல்லுவன். கிண்ணியாவில எல்லாருக்கும் எல்லாரும் மாமாதான் எண்டு அவங்க நினைச்சிட்டாங்க. ஆக்கிறதையும் நானே ஆக்கிக்கொண்டு வாறன். உங்களுக்கு ஏன் ரெட்டை வேலை?"

"வேண்டாம்," என்றாள் கோணேஸ்வரி. "ரெண்டையும் நான்தான் ஆக்குவன்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாயிருந்தது. அம்ரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. உங்கட புருசன நான் எடுக்கமாட்டன். இந்த ஒண்டோடயே எனக்குப் போதும்."

அஷ்ரப்கூடச் சிரித்தான். கோணேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமையும் இனி வறை போகவேண்டும்; அதனால்தான் வியாழன் பின்னேரம் அவள் கோயிலுக்குப் போனாள். நடை சாத்துவதற்கு முன் ஒரு ஓரத்தில் நின்று, நேர்த்தியை முறிக்கப்போகிறேன் என்று அம்மனுக்குச் சொன்னாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், வெள்ளிக்கு வெள்ளி அவர் எங்கே நின்றார் என்று உனக்குத் தெரியுந்தானே, எனக்கு ஒரு கனவிலாவது காட்டியிருக்கலாம் என்று கோபித்தாள். அம்மனுக்குத் தெரிந்ததும் அஷ்ரப்புக்குத் தெரிந்ததும் தனக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை. ஜெயரூபி வேலியோரத்திலிருந்து போய்விட்டாள். பிழிந்த சுறாவோடு தேங்காய்ப்பூ, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்து ஒரே தாச்சியில் பிரட்டினாள் கோணேஸ்வரி. மேசனுக்குக் கொஞ்சம் மட்டமாகவும் வீட்டுக்காரருக்குத் திறமாகவும் இரண்டு தாச்சியில் செய்தால் என்ன என்று முந்தின நாள் யோசித்தவள்தான். சுவரோரத்தை வாங்குவது மேசனின் பங்கு. அதில் குறை வைக்க ஏலாது. தன்னுடைய மனுசனின் பங்கிலும் குறை வைக்க அவளுக்கு மனமில்லை. ஆகவே ஒரே தாச்சி.

உப்பிடம் வந்து நின்றது கை. வெள்ளிக்கிழமையில் மச்சம் அவளுடைய நாக்கில் பட்டு ஒன்றரை வருசம். சமைப்பது வேறு, வாயில் வைப்பது வேறு என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கை அளவு தவறாது, இருபது வருசக் கை. அன்று புதன்கிழமையும் இதே கைதான். அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள். நாக்கில் வைத்தாள். உப்பு அளவாயிருந்தது. மறுபடியும் ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு வாயைக் கொப்பளிக்காமலே வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தாளித்துக் கொட்டினாள்.

வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையின் நிழலில் அம்ரா காத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு முச்சக்கர வண்டி இல்லை. அஷ்ரப்பின் தம்பி வாடகை ஓட்டத்துக்குப் போய்விட்டானாம், கப்பல்துறைப் பக்கமாக வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாள். கோணேஸ்வரி பையிலிருந்து இரண்டு பார்சலையும் வெளியில் எடுத்தாள். ஒரே பருமன், ஒரே கடதாசி. எது மேசனுடையது என்று அம்ரா கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றாள் கோணேஸ்வரி.

ஒன்றை நீட்டினாள். அம்ரா பிடித்தாள். கோணேஸ்வரியின் கை விடவில்லை. சோற்றின் சூடு கடதாசிக்குள்ளால் இரண்டு பேருடைய விரலிலும் பட்டது. ஒன்றரை வருசத்துக்குப் பிறகு தன்னுடைய மனுசனின் வாய்க்குப் போகப்போகிற, தான் ஆக்கிய முதல் பிடி சோறு, அதுவும் இவளுடைய கையால்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது.

"விடுங்க அக்கா, வரிசை நீளுது," என்றாள் அம்ரா மெதுவாக.

விட்டாள்.

வரிசையில் கோணேஸ்வரி முன்னுக்கு நின்றாள். யோகராசா என்று பெயர் சொன்னாள். காட் கடதாசியை விரித்து, வெள்ளிக்கிழமையில் மீனா என்று கேட்பதுபோல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். கரண்டியை நான்கு மூலையிலும் நடுவிலும் விட்டுக் கிண்டி, வறையையும் சோற்றையும் ஒன்றாக்கி, சுருட்டித் தள்ளினான். அவள் ஒதுங்கி, கயிற்றுக்கு வெளியே வந்து நின்றாள். போகச் சொன்னார்கள். செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்து நேரம் எடுத்தாள்.

அம்ராவின் முறை வந்தது. முனாப், தன்னுடைய மாமா என்றாள். போன கிழமை புருசன், இந்தக் கிழமை மாமாவா என்று காட் கொச்சைத் தமிழில் கேட்டான். என்ன செய்யிறது சேர், எங்கட ஆக்கள் எல்லாரும் உங்களிட்டத்தானே இருக்கிறாங்க என்று அம்ரா சொல்ல, அவன் சிரித்துவிட்டான். கடதாசியை விரித்தான். கரண்டி வறையின் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டது. நடுவில் குவித்து வைத்த வறை குலையாமல், மேலே வைத்த கறிவேப்பிலை அசையாமல் அப்படியே கிடந்தது. கோணேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. கிண்ணியாக்காரிக்கென்றால் மட்டும் அந்தக் கரண்டிக்கு எவ்வளவு மரியாதை. அந்த எரிச்சலோடேயே அவள் குதிக்கால் எம்பிப் பார்த்தாள். காட் கடதாசியை மடித்து, முனாப் என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டு, பார்சலைக் கொடுத்தான்.